கேன் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா? வந்த கேள்விகளும் என் பதில்களும்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் 22 வருடம் வேலை பார்த்திருக்கிறேன். குடிதண்ணீர் பற்றி நீங்கள் கேட்டவற்றில் பல ஒன்றையொன்று தொட்டுப் போவதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

பெரம்பூரிலிருந்து: சார், மெட்ரோ வாட்டரை நம்பிக் குடிக்கலாமா? சென்னைத் தண்ணீர் ஃபெயில் என்று முன்பு செய்தி வந்ததே?

வந்தது உண்மைதான். 2019 நவம்பரில் மத்திய நுகர்வோர் விவகார அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையில் மும்பை மாதிரிகள் எல்லாம் தேறின. சென்னையில் எடுத்த 10 மாதிரிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஆனால் அவை வீட்டுக் குழாய்களில் பிடித்த மாதிரிகள். புழலிலும் செம்பரம்பாக்கத்திலும் வடிகட்டி, குளோரின் கலந்துதான் தண்ணீரை அனுப்புகிறார்கள். பெரும்பாலும் அது கெடுவது வருகிற வழியில்.

நம் ஊரில் குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை. ஓடாத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. அப்போது யாராவது மோட்டார் போட்டு உறிஞ்சினால், பக்கத்தில் கசியும் சாக்கடை, விரிசல் விட்ட இணைப்பு வழியாக உள்ளே வந்துவிடும். அடுத்தது வீட்டுச் சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 3 வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு. தெருக் குழாயில் பிடித்த தண்ணீர் நன்றாக இருந்தது, சம்ப்பில் எடுத்ததில் மலத்திலிருந்து வரும் ஈ.கோலி கிருமி. சம்ப்புக்கு 4 அடி தள்ளிக் கழிவுநீர்த் தொட்டி, நடுச்சுவரில் விரிசல். அங்கே எல்லோரும் குறை சொன்னது மெட்ரோ வாட்டரை.

எனவே மெட்ரோ வாட்டரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். நான் அப்படித்தான் குடிக்கிறேன்.

தாம்பரத்திலிருந்து: அண்ணா, 20 லிட்டர் கேன் நல்லதா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கத்தில் இருக்க வேண்டும். பேட்ச் எண், அடைத்த தேதி, உடையாத சீல் ஆகியவற்றையும் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. தர முத்திரை கட்டாயம் என்ற விதியை 2024 அக்டோபரில் நீக்கிவிட்டார்கள். இருந்தும் அடைத்த குடிநீருக்கான ஐ.எஸ். 14543 என்ற தர எண்ணோடு முத்திரை போட்டிருக்கும் கேனையே நான் வாங்குவேன்.

அப்புறம் கேனையே பாருங்கள். அந்த ஒரே கேன் எத்தனையோ வீடு சுற்றி வந்தது. ஒருவர் அதில் போர் தண்ணீர் பிடித்திருப்பார், இன்னொருவர் மாடி வெயிலில் போட்டிருப்பார். உள்பக்கம் கீறல் விழுந்து மங்கிய கேனை எவ்வளவு கழுவினாலும் கீறலுக்குள் பாசியும் கிருமியும் தங்கும். திருப்பிக் கொடுத்து வேறு கேட்பதற்குத் தயங்க வேண்டாம், காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம். கேன் கவிழ்த்து வைக்கும் டிஸ்பென்சரையும் வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவுங்கள். கேன் சுத்தமாக வந்து டிஸ்பென்சரில் கெட்ட மாதிரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மதுரையிலிருந்து: வீட்டுக்கு வந்த ஆர்.ஓ. மெஷின் (உப்பை வடிகட்டும் இயந்திரம்) விற்பனையாளர் இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டார். எங்கள் குழாய்த் தண்ணீர் பழுப்பாகிக் கசடு மிதந்தது, அவர் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பார்த்துக் கடன் வாங்கி மெஷின் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

அந்தக் கருவியில் இருப்பது இரும்பு, அலுமினியக் கம்பிகள். மின்சாரம் பாயும்போது கம்பியே கரைகிறது. நீங்கள் பார்த்த பழுப்புக் கசடு கம்பியிலிருந்து வந்த துரு. உங்கள் தண்ணீரில் அது இருக்கவில்லை. குழாய்த் தண்ணீரில் உப்புகள் இருப்பதால் மின்சாரம் நன்றாகப் பாயும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் பாயாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அடுத்த முறை வந்தால் அவருடைய தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

டி.டி.எஸ். மீட்டரும் கரைந்த உப்பை மட்டுமே காட்டும், கிருமியைக் காட்டாது. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். உங்கள் மீட்டர் 300 காட்டினால் ஆர்.ஓ. தேவையே இல்லை. அது வீணாக ஊற்றிவிடும் கழிவுத் தண்ணீரும் உங்களுக்கு மிச்சமாகும்.

தருமபுரியிலிருந்து: ஐயா, எங்கள் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் போதுமா? பிள்ளைகள் பல்லில் கறை இருக்கிறது.

போதாது. தயவுசெய்து அதைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். உங்கள் பகுதி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், பல் கறைக்கு அது காரணமாக இருக்கலாம். லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் விரும்பத்தக்க அளவு, 1.5 கடைசி எல்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய மிச்சத்தில் அதன் அடர்த்தி கூடும். இந்தக் காரணத்துக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிக்கவும் சமைக்கவும் அந்தக் காவிரித் தண்ணீரைப் பிடியுங்கள். அது வராத நாளுக்கு ஆர்.ஓ. சரி. மதுரை அம்மாவுக்கு வேண்டாம் என்றேன், உங்களுக்கு வேண்டும் என்கிறேன். ஊர்த் தண்ணீரைப் பொறுத்தது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, ஒரு முறை கொடுத்துப் பாருங்கள்.

கோவையிலிருந்து: காரில் வெயிலில் கிடந்த பாட்டில் தண்ணீரைக் குடிக்கலாமா?

ஒரு நாள் குடித்ததால் ஒன்றும் ஆகாது, ஆனால் பழக்கமாக்க வேண்டாம். சூட்டில் பெட் பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து ஆன்டிமணி போன்ற வேதிப்பொருள்கள் கூடுதலாக இறங்கும். 2024 ஜனவரியில் வெளிவந்த கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வில், அமெரிக்காவில் விற்கும் 3 பிராண்டு பாட்டில்களில் லிட்டருக்குச் சராசரியாக 2.4 லட்சம் பிளாஸ்டிக் துகள்கள் இருந்தன. பெரும்பாலானவை நானோ அளவு, கண்ணுக்கே தெரியாதவை. உடம்பில் அவை என்ன செய்யும் என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. கடைவாசலில் வெயிலில் அடுக்கியிருக்கும் பாட்டிலை நான் வாங்குவதில்லை.

வேளச்சேரியிலிருந்து: கைக்குழந்தைக்கு எவ்வளவு நேரம் கொதிக்க வைக்க வேண்டும்? சம்ப்பை எப்படிச் சுத்தம் செய்வது?

தளதளவென்று கொதி வந்த பிறகு 1 நிமிடம் போதும். கேன் தண்ணீரானாலும் குழந்தைக்குக் கொதிக்க வைத்தே கொடுங்கள். கொதித்த பாத்திரத்திலேயே மூடி ஆறவிட்டு, கைப்பிடி நீண்ட கரண்டியால் எடுங்கள். டம்ளரை விட்டு மொண்டால் விரல் படும், கொதிக்க வைத்தது வீண்.

சம்ப்பையும் மேல்தொட்டியையும் 6 மாதத்துக்கு ஒரு முறை காலி செய்து தேயுங்கள். மழை வெள்ளம் உள்ளே போயிருந்தால் உடனே செய்ய வேண்டும். ஆளை இறக்குவதற்கு முன் மூடியை நெடுநேரம் திறந்து வையுங்கள், மேலே ஒருவர் கண்டிப்பாக நிற்கட்டும். தண்ணீர் நிரப்பியதும் 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துப் புழங்கலாம். பவுடர் பழைய பொட்டலமாக இருந்தால் வீரியம் போயிருக்கும், புதிதாக வாங்குங்கள்.