படுத்த நிலையில் பிஸ்டல்: கேள்வி பதில்

கேள்வி: பியான்கி கப் போட்டியில் பிஸ்டலை ஏன் படுத்துக்கொண்டு சுடுகிறார்கள்?

பதில்: தூரம்தான் காரணம். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள கொலம்பியாவில் 1979-இல் தொடங்கிய பிஸ்டல் போட்டி அது. அதன் சுற்றுகளில் ஒன்றான ‘பிராக்டிகல்’ 10 கஜத்தில் ஆரம்பித்து 50 கஜம் வரை போகும். இன்னொரு சுற்றில் சுட்டு வீழ்த்தும் தகடுகளின் விட்டம் 8 அங்குலம், கடைசி வரிசை 25 கஜத்தில். முழு மதிப்பெண் 1920. அதை முதலில் எட்டியவர் டக் கோனிக், 1990-இல். அப்படிப்பட்ட போட்டியில் தரை கொடுக்கும் உறுதியை யாரும் விடமாட்டார்கள்.

கேள்வி: மனு பாக்கர் ஏன் படுத்துச் சுடுவதில்லை?

பதில்: ஒலிம்பிக் பிஸ்டல் பிரிவுகள் எல்லாமே நின்றபடி, ஒற்றைக் கையால். படுத்த நிலை அங்கே ரைஃபிளுக்கு மட்டும்.

கேள்வி: வலது கைக்காரர் எப்படிப் படுக்க வேண்டும்?

பதில்: உறையிலிருந்து எடுத்ததும் குழல்வாய் இலக்கை நோக்கி நிற்கட்டும், விரல் விசைக்கூண்டுக்கு (விசையைச் சுற்றிய வளையத்துக்கு) வெளியே. இரு முழங்கால்களையும் ஊன்றி, இடது உள்ளங்கையைப் பக்கவாட்டில் தரையில் வையுங்கள். அந்தக் கை குழல்வாய்க்கு முன்னால் ஒரு நொடியும் போகக் கூடாது. வலது கையை இலக்கை நோக்கி நீட்டியபடியே உடம்பை இறக்கி, கடைசியில் இடது கையைப் பிடியில் சேருங்கள்.

நேராகக் குப்புறப் படுத்தால் வயிறு தரையில் அழுந்தும். ஒவ்வொரு மூச்சுக்கும் முன்குறி (பிஸ்டலின் முனையில் உள்ள குறி) ஏறி இறங்கும். வலது முழங்காலை மேலே இழுத்து மடக்கினால் வயிறு தரையை விட்டு எழும்பும். இன்னொரு வழி, அமெரிக்கத் துப்பாக்கி வீரர் ரே சாப்மன் பெயரில் வழங்கும் உருண்ட நிலை: வலப்பக்கமாகச் சாய்ந்து, இடது காலை வலது முழங்காலுக்குப் பின்னால் போட்டு, தலையை வலது மேற்கையில் சாய்ப்பது. கழுத்துக்கு இதுதான் சுகம். ஆனால் உடம்போடு பிஸ்டலும் சாயும். வலப்பக்கம் சாய்ந்தால் குண்டு வலப்பக்கம் கீழே போகும். 50 கஜத்தில் அது நன்றாகவே தெரியும். குறிகள் செங்குத்தாக நிற்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

கேள்வி: மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) அடியைத் தரையில் ஊன்றலாமா? ஜாம் ஆகும் என்கிறார்களே.

பதில்: அழுத்தித் தள்ளினால் ஆகலாம். தளர்வாக உட்காரும் மேகசின் சாய்ந்தால் தோட்டா ஏறும் கோணம் மாறும். லேசாகத் தொட்டபடி வைத்தால் பெரும்பாலான பிஸ்டல்கள் சரியாகவே ஓடும்.

கேள்வி: ஒத்துக்கொள்ள மாட்டேன். தரையில் பட்டாலே குண்டு விழும் இடம் மாறுகிறது.

பதில்: மாறும், அதை நான் மறுக்கவில்லை. கெட்டியான கான்கிரீட்டில் ஊன்றினால் பிஸ்டல் துள்ளி, குண்டு பெரும்பாலும் மேலே போகும். ஒரு குண்டு ஊன்றி, அடுத்தது தூக்கி என்று கலப்பதுதான் உண்மையான கேடு. முடிவெடுத்து எல்லாவற்றையும் ஒரே மாதிரி சுடுங்கள்.

கேள்வி: அப்படியானால் மணல் மூட்டையில் குழலையே வைத்துவிடலாமே?

பதில்: கூடாது. ஸ்லைடு (சுடும்போது முன்பின் ஓடும் மேல்பாகம்) நகர இடம் வேண்டும்; உராய்ந்தால் அந்த ஓட்டம் தடைப்படும். எது எதைத் தொடலாம் என்பது போட்டிக்குப் போட்டி மாறும், விதிப்புத்தகத்தைப் பாருங்கள். மேகசின் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: கண்ணாடி போட்டிருக்கிறேன், முன்குறி மங்குகிறது.

பதில்: தலை தாழ்ந்திருப்பதால் லென்ஸின் மேல் விளிம்பு வழியாகப் பார்க்கிறீர்கள். கண்ணாடியை மூக்கில் சற்று உயர்த்துங்கள், அல்லது உருண்ட நிலைக்கு மாறுங்கள்.

கேள்வி: ரிவால்வருக்கும் இதே முறைதானா?

பதில்: ஒரு வித்தியாசம் உண்டு. உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் சூடான வாயுவும் ஈயத் துகளும் பக்கவாட்டில் பீறிடும். கையோ முகமோ அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது. மல்லாந்து காலில் சாய்த்துச் சுடும் உலோக உருவப் போட்டியாளர்கள் இதற்காகவே காலில் தோல் தடுப்பு கட்டுகிறார்கள்.

கேள்வி: வேகமாகப் படுக்க என்ன பயிற்சி?

பதில்: தோட்டா இல்லாமல், மெதுவாக. இடது கை குழல்வாய்க்கு முன்னால் போகக் கூடாது என்று மேலே சொன்னேன். அவசரத்தில்தான் அது நடக்கும்.

கேள்வி: லைசென்ஸ் எங்கே வாங்குவது?

பதில்: மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்; சென்னை மாநகரில் காவல் ஆணையர்.

கேள்வி: சுட்டு முடித்ததும் எப்படி எழுவது?

பதில்: படுத்தபடியே மேகசினைக் கழற்றி, குழலின் தோட்டா அறையைக் காலி செய்து, ரேஞ்ச் அதிகாரியிடம் காட்டுங்கள். அவர் சொன்ன பிறகு உறையில் போடுங்கள், அல்லது குழல்வாய் இலக்குப் பக்கம் இருக்கப் பாயில் வையுங்கள். இரண்டு கையும் காலியான பிறகே எழுங்கள். தரையில் ஈயத் தூசி படிந்திருக்கும். சாப்பிடும் முன் கையையும் முகத்தையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.