நிற்கிற நேரம் யார் கணக்கு?

லாரி டிரைவர்களின் கேள்விகளுக்கு, 31 வருடம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணே, 4 வருடமாக ஒரு சின்ன ஓனரிடம் ஓட்டுகிறேன். இப்போது பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனி ஒன்று கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. அங்கே ஓட்டுகிறவர்களில் ஒருவர் "கண்ணை மூடிக்கிட்டு வா" என்கிறார். இன்னொருவர் "வந்து மாட்டிக்காதே" என்கிறார். யாரை நம்புவது?

பதில்: தம்பி, இரண்டு பேருமே பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒருவருக்கு ஓடுகிற ரூட் அமைந்திருக்கும், மற்றவருக்கு நிற்கிற ரூட். நாலு டிரைவர்கள் கூடி கம்பெனியைப் பற்றிப் பேசும்போது காது கொடுத்துக் கேட்டுப் பார். சம்பளம் போதவில்லை என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் லோடு ஏற்றக் காத்துக் கிடந்த கதைக்கு வந்துவிடும்.

500 கிலோமீட்டர் ட்ரிப் என்று வைத்துக்கொள். சராசரியாக 50 வேகத்தில் போனால் ஓட்டம் 10 மணி நேரம். லோடு ஏற்ற 6 மணி நேரம் வரிசையில் நிற்கிறாய், இறக்க இன்னொரு 4 மணி நேரம். கிலோமீட்டர் கணக்கில் சம்பளம் என்றால் 20 மணி நேரத்தில் பாதிக்குக் காசு கிடையாது. அந்தப் பாதியில் தூங்கவும் முடியாது. முன்னால் நிற்கிற வண்டி பத்தடி நகர்ந்தால் நீயும் ஸ்டார்ட் பண்ணி நகர்த்த வேண்டும். வண்டி நின்ற நேரத்துக்குச் சரக்குக்காரரிடம் ஹால்டிங் சார்ஜ் வாங்குகிற கம்பெனிகள் இருக்கின்றன. அதில் டிரைவர் கைக்கு எவ்வளவு வருகிறது? மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேள்.

இது நம் மனக்குறை மட்டும் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1979-ல் சாலைப் போக்குவரத்துக்கென்றே 153-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. தொடர்ந்து 4 மணி நேரம் ஓட்டினால் இடைவேளை, ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேர ஓட்டம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அதில் வரம்பு வைத்திருக்கிறார்கள். வண்டியை விட்டு நகர முடியாமல் காத்திருக்கிற நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் எடுக்கலாம், எவ்வளவு எடுப்பது என்பதை அந்தந்த நாடு தீர்மானிக்கலாம் என்றும் இருக்கிறது. ஒரு சில நாடுகள்தான் அதை ஏற்றிருக்கின்றன. ஆனாலும் காத்திருப்பதும் வேலைதான் என்று எழுத்தில் வந்து இத்தனை வருடம் ஆகிவிட்டது. அதனால் கூச்சப்படாமல் கேள்.

அடுத்தது, "வண்டியை எடுக்க மாட்டேன்" என்று சொன்னால் அந்த ஆபீசில் என்ன நடக்கும் என்று விசாரி. நான் மூன்றாவதாகச் சேர்ந்த கம்பெனியில் ஒரு ராத்திரி முழு லோடோடு இறக்கத்தில் வருகிறேன். லாரி பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது. அந்த அழுத்தத்தைக் காட்டுகிற ஏர் முள் 8-ல் நிற்க வேண்டும், பிரேக் மிதிக்க மிதிக்க 5-க்கு இறங்கிவிட்டது. கொஞ்ச தூரத்தில் காற்று குறைகிறது என்று எச்சரிக்கிற பஸ்ஸரும் அடிக்க ஆரம்பித்தது. ஓரங்கட்டி, கட்டை போட்டுவிட்டு, டார்ச்சோடு அடியில் போனேன். பின் ஆக்ஸில் பக்கம் ஹோஸ் உரசி உரசித் தேய்ந்து, ஒரு இடத்தில் 'உஸ்' என்று காற்று போய்க்கொண்டிருந்தது. கையை வைத்தால் உள்ளங்கையில் ஊதுகிறது. மேனேஜருக்குப் போன் போட்டேன். "காலையில 6 மணிக்கு இறக்கணும், மெதுவா உருட்டிக்கிட்டு வந்துரு" என்றார். ஏர் இன்னும் இறங்கினால் மிதிக்கிற பிரேக்கில் பலம் இருக்காது, காற்று குறைந்தால் தானாகவே பிடிக்கிற ஸ்பிரிங் பிரேக் எந்த இடத்தில் கவ்வும் என்றும் சொல்ல முடியாது. நான் எடுக்கவில்லை. அந்த ட்ரிப்புக்கான பேட்டா போச்சு, அடுத்த ஒரு வாரம் எனக்கு வண்டியே தரவில்லை.

பிறகு சேர்ந்த இடத்தில் சம்பளம் குறைவு. அங்கேயும் ஒரு தடவை இப்படித்தான் நடுவழியில் நின்றேன். ஓனர் போனை எடுத்ததும் கேட்டது, "நீ நிக்கிற இடம் பத்திரமா?" மெக்கானிக் வரும்வரை சரக்குக்காரரிடம் அவரே பேசிக்கொண்டார். அங்கே 14 வருடம் ஓட்டினேன்.

பெரிய கம்பெனியில் நல்லது இல்லாமல் இல்லை. உடம்பு முடியாவிட்டால் மாற்று டிரைவர் உண்டு, வண்டி நின்றால் இன்னொரு வண்டி வரும். நீ சேர்வதற்கு முன்னால் ஒரு நாள் ஷெட்டுக்குப் போய், வந்து நிற்கிற வண்டிகளின் டயரையும் வீல் நட்டையும் பார். டயர் வெடித்தாலோ டீசல் கணக்கு உதைத்தாலோ டிரைவர் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று கேள். வேலையை விட்டுப் போனவர் ஒருவரையாவது தேடிப்பிடித்து, கடைசிக் கணக்கை முடித்துக் கொடுத்தார்களா என்று கேட்டுவிடு. உள்ளே இருக்கிறவர் சொல்லத் தயங்குவதை அவர் சொல்வார்.

கேள்வி: எங்கள் கம்பெனியில் கேபினுக்குள் கேமரா வைத்துவிட்டார்கள். திருடனைப் பார்ப்பது போல இருக்கிறது. இது சரியா?

பதில்: ரோட்டைப் பார்க்கிற கேமரா நமக்குச் சாட்சி, அதை நான் வரவேற்கிறேன். முகத்தைப் பார்க்கிற கேமரா ஓட்டும்போது மட்டும் வேலை செய்யட்டும். கேபின்தான் நமக்குப் படுக்கையறை. தூங்கும்போதும் உடை மாற்றும்போதும் அது அணைந்திருக்க வேண்டும், யார் பார்க்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். இரண்டையும் எழுதி வாங்குங்கள். தனியாகப் போய்க் கேட்காதீர்கள், நாலைந்து பேராகப் போங்கள்.

கேள்வி: என் கணவர் கம்பெனி லாரி ஓட்டுகிறார். போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரிவதில்லை. நான் ஆபீசுக்குப் போன் செய்து கேட்பது தவறா?

பதில்: தவறே இல்லை தங்கச்சி, தாராளமாகக் கேளுங்கள். ஒரு இறக்கம் முடிந்ததும் "பக்கத்துலதான் ஒரு லோடு இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே என்னை 26 நாள் வெளியே வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது என் மகளுக்கு நடை வந்துவிட்டது. முதல் அடி வைத்ததை நான் பார்க்கவில்லை, இன்றைக்கும் அது மனதில் கிடக்கிறது.

வண்டி கிளம்புவதற்கு முன்னாலேயே திரும்பும் தேதியை ஆபீசில் சொல்லச் சொல்லுங்கள். தேதி தள்ளிப்போனால் அவர்களே உங்களுக்குப் போன் செய்ய வேண்டும். ஒன்று மட்டும் உங்கள் பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவர் பகலில் வண்டியை ஓரங்கட்டித் தூங்குகிற நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் வீட்டிலிருந்து யாரும் கூப்பிடாதீர்கள்.