கொம்புக்கு முன்னால் கபாலம்

கேள்வி: காகிதத்தில் பல வருடங்களாகக் கற்பனைப் பாத்திரங்களை வரைந்து வருகிறேன். பாதி மான், பாதி பெண்ணாக ஒரு வனக் காவலாளியைக் கணினியில் சிற்பமாகச் செதுக்க ஆசை. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் மூன்று முறை தொடங்கிவிட்டேன், மூன்று முறையும் கைவிட்டேன். முகம் பிசைந்த மாவு மாதிரி வருகிறது. தோல் சுருக்கம், ரோமம் என்று எதைச் சேர்த்தாலும் மேலே ஒட்டியது போலவே இருக்கிறது. ஜீபிரஷுக்கு மாறினால் சரியாகுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மாற வேண்டாம். ஜீபிரஷ் மிகச் சிறந்த கருவிதான். திரைப்படத்துக்கும் கேமுக்கும் பாத்திரம் செதுக்குகிறவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், பல கோடி பாலிகன்களையும் (உருவத்தின் பரப்பை உண்டாக்கும் சிறு தட்டைத் துண்டுகள்) அது அசராமல் தாங்கும். ஆனால் உங்கள் சிக்கல் சில ஆயிரம் பாலிகன்கள் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. அங்கே இரண்டு மென்பொருளுக்கும் வித்தியாசமில்லை. இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டரே முதல் ஓரிரு வருடங்களுக்குத் தாராளமாகப் போதும். ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்: பேனாவின் அழுத்தத்தை உணரும் டேப்லெட் வேண்டும். திரை இல்லாத சிறிய டேப்லெட் போதும். மவுஸுக்கு அழுத்தம் தெரியாது, ஆகவே எல்லாக் கோடும் ஒரே ஆழத்தில் விழும்.

இனி அந்த மாவு முகம். நீங்கள் மிகச் சீக்கிரமே மெஷ்ஷை, அதாவது பாலிகன்களால் ஆன வலையை, அடர்த்தியாக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பத்து லட்சம் பாலிகன் உள்ள ஒரு கன்னத்தில் பிரஷ் பட்டால், பட்ட இடம் மட்டும் கொஞ்சம் எழும். பக்கத்தில் இன்னொரு தடவல், அங்கே இன்னொரு மேடு. அதைச் சமன்செய்ய ஸ்மூத் பிரஷ், பிறகு மறுபடியும் மேடு. இந்தச் சுழற்சியில்தான் முகம் மாவாகிறது. இதே கன்னம் நாற்பது ஐம்பது பாலிகன்களால் ஆனது என்றால், ஒரே இழுப்பில் கன்னத்தின் முழுப் பரப்பும் திரும்பும். முகத்தின் சாயலைத் தீர்மானிப்பது அந்தப் பெரிய பரப்புகள் எந்தக் கோணத்தில் சந்திக்கின்றன என்பதுதான். நெற்றியின் முன்பக்கம் முடிந்து பக்கவாட்டுக் கன்னப்பொறி தொடங்கும் இடம், கன்ன எலும்பு காதை நோக்கித் திரும்பும் இடம், தாடையின் அடிப்பரப்பு இவையெல்லாம் சரியாக விழுந்துவிட்டால், கண்ணே வைக்காத தலையும் ஒரு ஆளாகத் தெரியும்.

வரைகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காகிதத்தில் ஒரு கோடு போட்டாலே தாடை வந்துவிடும், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். சிற்பத்தில் கேட்பார்கள். அதனால் முன்னிருந்து பார்த்து மட்டும் செதுக்காதீர்கள். தாடைக்குக் கீழிருந்தும் உச்சந்தலைக்கு மேலிருந்தும் அடிக்கடி பாருங்கள். கீழிருந்து பார்த்தால் கன்னங்கள் பின்னோக்கி வளைந்து ஓட வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களின் சிற்பத்தில் அந்த இடம் பலகை மாதிரி தட்டையாக இருக்கும். பார்வையின் ஃபோகல் லெங்த்தையும் (லென்ஸின் குவியத் தூரம்) 80 முதல் 100 மி.மீ. வரை ஏற்றிக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால் மூக்கு பெரிதாகத் தெரியும், நீங்களும் உங்களை அறியாமல் மூக்கைச் சிறிதாக்கிவிடுவீர்கள்.

அடுத்து, உங்கள் காவலாளி. தமிழில் ‘மான்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு குடும்பங்கள் இருக்கின்றன. புள்ளிமானுக்கும் கடமானுக்கும் கிளைக்கொம்பு: முழுக்க எலும்பு, விழுந்து மறுபடி முளைப்பது, வளரும்போது வெல்வெட் போன்ற தோல் மூடியிருப்பது. வெளிமான் போன்ற இரலைக்கோ உள்ளே எலும்பும் மேலே நகம் போன்ற உறையும் கொண்ட நிலையான கொம்பு. அது விழாது, கிளைக்காது. கிளைக்கொம்பு உள்ள இனங்களில் பெண்ணுக்கும் வழக்கமாகக் கொம்பு வளர்வது பனிமானுக்கு மட்டும்தான். இது கற்பனைப் பாத்திரம், எதை வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் தெரிந்து வைத்தால் வடிவமைப்புக்கு ஒரு கதை கிடைக்கிறது. அவள் கொம்பு உதிரும் பருவத்தில் இருக்கிறாளா? வெல்வெட் கிழிந்து தொங்கும் வாரமா? ஒரு பக்கக் கொம்பு மட்டும் விழுந்திருக்கிறதா? இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாலே உங்கள் காவலாளி மற்ற கொம்புப் பெண்களிடமிருந்து விலகி நின்றுவிடுவாள்.

எந்தக் கொம்பானாலும் அது தலைமுடியிலிருந்து முளைப்பதில்லை. மானின் நெற்றி எலும்பிலேயே ஒரு சிறு தண்டு எழும்பி நிற்கும், கொம்பு அதன்மேல் வளரும். ஆகவே முதலில் கபாலத்தைச் செதுக்குங்கள், அதில் அந்தத் தண்டை எழுப்புங்கள், தோல் அதைச் சுற்றி இறுகுவதைக் காட்டுங்கள். கொம்பு தலையில் ‘ஒட்டியது போல’ இருப்பதற்கு அந்த ஒரு அங்குலம் இல்லாததே காரணம். பிறகு பாரம். அழிந்துபோன ராட்சத மான் ஒன்றுக்குக் கொம்பு மட்டும் சுமார் 40 கிலோ. அதைத் தாங்க அதன் தோளுக்கு மேல் திமில் போன்ற மேடு இருந்தது. உங்கள் காவலாளிக்கு அகன்ற கொம்பு வேண்டுமென்றால், மெல்லிய கழுத்தை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். காதுக்குப் பின்னிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் தசையையும் பிடரித் தசையையும் தடிமனாக்குங்கள்.

காதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. மான் காதை மேலே வைத்துவிட்டால், மனிதக் காது இருந்த இடத்தில் என்ன இருக்கும்? தாடை எலும்பின் கீல் அங்கேதான் இருக்கிறது, அது போகாது. முடியால் மறைப்பதா, அந்தப் பரப்பைத் திறந்து காட்டுவதா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

கால்களைப் பற்றி, ஏனென்றால் இங்கே ஏறக்குறைய எல்லோரும் தவறுகிறார்கள். மானின் பின்காலில் ‘பின்பக்கம் மடங்கும் முழங்கால்’ என்று நினைப்பது முழங்கால் அல்ல, குதிகால். உண்மையான முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே இருக்கிறது, அது நம்முடையதைப் போலவே முன்னோக்கித்தான் நீளும். குதிகாலுக்குக் கீழே உள்ள நீண்ட எலும்பு பாதத்தினுடையது, குளம்பு விரல் நுனி. மனிதக் காலில் ஒரு மூட்டை புதிதாகச் சேர்க்காதீர்கள், இருக்கும் எலும்புகளின் நீளத்தை மாற்றுங்கள். நிற்கும்போது இடுப்புக்கு நேர் கீழே குளம்பு வருகிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். வராவிட்டால் அவள் விழுந்துவிடுவாள்.

ஆனால் முதல் சிற்பத்தில் காலும் கையும் வேண்டாம். தலை, கொம்பு, கழுத்து, தோள் வரை ஒரு மார்பளவுச் சிலை செய்யுங்கள். மேலே சொன்ன கடினமான முடிவுகளில் பாதி அதற்குள்ளேயே வந்துவிடும். முடிக்கவும் முடியும், முடிப்பது இப்போது உங்களுக்கு மிகவும் தேவை.

செய்முறை இதுதான். வரைந்த உருவத்தைக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். நிழலாகத் தெரியும்போதே யாரென்று புரிய வேண்டும். பிறகு கபாலத்துக்கு ஒரு கோளம், தாடைக்கு ஒன்று, கழுத்துக்கு உருளை என்று அடுக்கி, ஒரே பொருளாகச் சேர்த்து வாக்ஸல் ரீமெஷ் (பரப்பு முழுவதையும் சீரான ஒரே வலையாகப் புதிதாகப் பின்னும் கட்டளை) கொடுத்தால் எல்லாம் ஒரே தோலாகிவிடும். கண்கள் தனிக் கோளங்கள், அவற்றைக் கடைசிவரை தனியாகவே வையுங்கள். விழியின் விட்டம் தலை உயரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. விழி இல்லாமல் இமையைச் செதுக்காதீர்கள், இமை அந்த உருண்டையின் மேல் போர்த்திய துணி. முதல் சில அமர்வுகளில் கிராப் (இழுக்க), கிளே ஸ்ட்ரிப்ஸ் (களிமண் பட்டை போல அப்ப), ஸ்மூத் (சமன்செய்ய) மூன்றே பிரஷ் போதும். பெரிய அளவில் வைத்து இழுங்கள்.

வாக்ஸல் அளவை, அதாவது அந்த வலையின் கண்ணளவை, பாதியாக்கினால் பாலிகன்கள் நான்கு மடங்காகும். மாற்ற வேண்டிய வடிவம் எதுவும் மிச்சமில்லை என்று தோன்றினால் மட்டும் அந்தப் படியை ஏறுங்கள். சிற்பத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், மேட்கேப்பை (திரையில் சிற்பத்துக்குத் தரும் நிற, ஒளித் தோற்றம்) மாற்றுங்கள், ஒளியைப் பக்கத்திலிருந்து விடுங்கள். ஏதேனும் ஒன்றில் முகம் உடைந்தால் இன்னும் நேரம் வரவில்லை.

தோல் துளை, சுருக்கம், ரோமக் கோடு ஆகியவை ரீடோபாலஜி (சிற்பத்தின் மேல் ஒழுங்கான, குறைந்த பாலிகன் வலையைப் போடுவது) முடிந்து மல்டிரெஸ் (ஒவ்வொரு நிலையிலும் பாலிகன்களை நான்கு மடங்காக்கும் வசதி) போட்ட பிறகு. 6,000 பாலிகனில் தொடங்கினாலே ஐந்தாவது நிலையில் 61 லட்சம் வந்துவிடும், அவசரம் தேவையில்லை. நுணுக்கத்தை முகம் முழுக்கச் சமமாகத் தூவாதீர்கள். கண்ணோரத்திலும் கொம்படியிலும் குவியட்டும், கன்னம் அமைதியாக இருக்கட்டும். இரு பக்கமும் ஒரே மாதிரி செதுக்கும் சமச்சீர் வசதியையும் அப்போதே அணைத்துவிட்டு ஒரு புருவத்தைச் சற்றே இறக்குங்கள்.

கைவிட்ட அந்த மூன்று கோப்புகளையும் அழித்துவிடாதீர்கள். ஒன்றைத் திறந்து, பிரதி எடுத்துக்கொண்டு, வாக்ஸல் அளவை நன்றாகப் பெரிதாக்கி ரீமெஷ் செய்யுங்கள். சுருக்கமும் ரோமமும் கரைந்து, அடியில் இருந்த வடிவம் மட்டும் மிஞ்சும். உங்கள் ஓவியத்தைப் பக்கத்தில் வைத்து, கிராப் பிரஷை மட்டும் எடுத்துக்கொண்டு, நெற்றியிலிருந்து தொடங்குங்கள்.