மேடையில் சொல்லாததற்காகப் போனை மாற்ற வேண்டுமா?

பத்தமடையிலிருந்து ஒரு வாசகி 2025 ஆடி மாதத்தில் கேட்டதன் சுருக்கமும், அப்போது நான் சொன்ன பதிலும் இது:

"வீட்டிலிருந்தே பாய் வியாபாரம் செய்கிறேன். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பொண்ணு பெயர் போட்டு நெய்து கொடுப்போம். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். போன நவம்பரில் வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் ஐபோன் 16 தவணைக்கு வாங்கினேன். 'புது சிரி வரப்போகுது, யாரு எந்தத் தேதிக்குப் பாய் கேட்டாங்கன்னு கேட்டா மெசேஜைத் தேடி அதுவே சொல்லிரும்' என்று, ஐபோனின் பேச்சு உதவியாளரான சிரியைப் பற்றிக் கடை அண்ணாச்சி சொன்னார். ஜூன் 9 ராத்திரி பத்தரை மணிக்கு மகனோடு உட்கார்ந்து ஆப்பிள் நிகழ்ச்சியைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி திரை, புதுப் பெயர் என்று ஒன்றரை மணி நேரம் ஓடியது. நான் காத்திருந்ததைக் காட்டவே இல்லை. இப்போது அதே கடையில் ஆடித் தள்ளுபடியில் வேறு போன் மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். மாற்றலாமா? சொன்னது வராததற்குக் கேட்க வழி உண்டா? மகனுடைய சாம்சங் போனுக்கும் புது ஆண்ட்ராய்டு இன்னும் வரவில்லை."

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: போனை மாற்றாதீர்கள். இந்த ஆடியில் நிச்சயமாக வேண்டாம். வாங்கி எட்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை, தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். பழைய போனுக்குக் கடையில் போடுகிற விலை, நீங்கள் கட்டியதில் பெரும் பங்கை விழுங்கிவிடும். புது ஐபோன் வழக்கமாக செப்டம்பரில் வரும். 2024 செப்டம்பரில் ஐபோன் 16 வந்த கையோடு ஐபோன் 15-இன் விலையை ஆப்பிளே 79,900 ரூபாயிலிருந்து 69,900 ஆக்கியது. ஆடியில் தள்ளுபடி என்று கொடுப்பது ஆவணியில் சாதாரண விலையாகிவிடலாம். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அந்த சிரி இப்போதைக்கு, 2025 ஆடியில், ஐபோன் 16 புரோவிலும் கிடையாது. எந்த ஐபோனுக்கு மாறினாலும் நீங்கள் காத்திருக்கிற வசதி இன்றைக்குக் கைக்கு வராது.

உங்கள் ஏமாற்றம் நியாயமானது. என்ன நடந்தது என்று வரிசையாகச் சொன்னால் அது ஏன் என்று தெரியும். 2024 ஜூன் 10-ஆம் தேதி நிகழ்ச்சியில் ஆப்பிள் அந்தப் புது சிரியைக் காட்டியது. ஒரு பெண், 'அம்மாவின் விமானம் எப்போது இறங்குகிறது, மதியம் எங்கே சாப்பிடப் போகிறோம்' என்று கேட்கிறார். மின்னஞ்சலிலும் மெசேஜிலும் தேடி சிரி பதில் சொல்கிறது. செப்டம்பரில் ஐபோன் 16 விற்பனைக்கு வந்தபோது, ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்ற அதன் செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்காகவே செய்த போன் என்றுதான் விளம்பரம் வந்தது. 2025 மார்ச்சில், இந்த சிரிக்கு இன்னும் நாளாகும் என்று ஆப்பிள் அறிவித்து, அதைக் காட்டிய ஒரு விளம்பரப் படத்தையும் எடுத்துவிட்டது. ஏப்ரலில் அமெரிக்காவின் விளம்பரத் தரக் கண்காணிப்பு அமைப்பு ஒன்று, 'இப்போதே கிடைக்கிறது' என்று ஆப்பிள் போட்டிருந்ததை மாற்றும்படி பரிந்துரைத்தது. கலிபோர்னியாவில் வாடிக்கையாளர்கள் வழக்கே போட்டிருக்கிறார்கள். ஆக, கடை அண்ணாச்சி தன் கற்பனையில் எதையும் சொல்லவில்லை. கம்பெனி விளம்பரத்தில் சொன்னதை அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 9-இல் ஆப்பிள் முழுக்க மௌனமாக இருந்ததாகவும் சொல்ல முடியாது. தொடக்கத்திலேயே, மென்பொருள் பிரிவின் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி இரண்டு வாக்கியத்தில் அதைச் சொல்லிவிட்டுப் போனார்: எதிர்பார்க்கிற தரத்துக்கு வர இன்னும் நேரம் வேண்டும், வரும் ஆண்டில் மேலும் சொல்வோம் என்று. கண் சிமிட்டினால் தவறிப்போகும் இடம் அது. பணம் கொடுத்து வாங்கியவர்களுக்கு அந்த இரண்டு வாக்கியம் போதாது என்பதுதான் என் எண்ணமும்.

ஆனால் மேடையில் சொல்லவில்லை என்பதால் ஒன்று வராது என்றும் முடிவு கட்டக் கூடாது. 2007 ஜனவரி 9-ஆம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனைக் காட்டிய மேக்வேர்ல்டு என்ற கண்காட்சி மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய இரண்டு ஜனவரியும் அதே மேடையில் ஐலைஃப் என்ற ஆப்பிள் மென்பொருள் தொகுப்பின் புதுப் பதிப்பு வந்திருந்தது. ஆப்பிளின் மேக் கணினி வைத்திருந்தவர்கள் அந்த ஆண்டும் அதை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். லெப்பர்டு என்ற மேக்கின் புது இயங்குதளத்தைப் பற்றியும் கேட்க ஆசைப்பட்டார்கள். பேச்சு ஐபோனைச் சுற்றியே போனது. காரணம் ஏப்ரலில் வெளியே வந்தது. ஐபோனை முடிப்பதற்காக மேக் குழுவிலிருந்து மென்பொருள் பொறியாளர்களை எடுத்துக்கொண்டதால், ஜூனில் வர வேண்டிய லெப்பர்டு அக்டோபருக்குத் தள்ளிப்போகிறது என்று ஆப்பிளே அறிவித்தது. புது ஐலைஃப் ஆகஸ்டில் வந்தது, லெப்பர்டு அக்டோபர் 26-இல் வந்தது. இரண்டும் வராமல் போகவில்லை. ஆட்கள் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள், அவ்வளவுதான்.

2025-இல் கூகுளும் இதையேதான் செய்தது. மே 20-இல் நடந்த அதன் பெரிய நிகழ்ச்சியில் பேச்சு பெரும்பாலும் ஜெமினி என்ற அதன் செயற்கை நுண்ணறிவு பற்றியே. ஆண்ட்ராய்டு 16-ஐ எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்கு ஏமாற்றம். ஆண்ட்ராய்டுக்கென்று ஒரு தனி நிகழ்ச்சியை ஒரு வாரம் முன்னாலேயே கூகுள் நடத்தி முடித்திருந்தது. ஜூன் 10-ஆம் தேதி ஆண்ட்ராய்டு 16 கூகுளின் சொந்த பிக்சல் போன்களுக்கு வந்தும்விட்டது. இப்படிப் பழக்கத்தால் எதிர்பார்ப்பது ஒரு வகை. காட்டி, விளம்பரம் செய்து, விற்ற பிறகு தராமல் இருப்பது வேறு வகை. உங்களுடையது இந்த இரண்டாவது. இதில்தான் கேள்வி கேட்கும் உரிமை வருகிறது.

உரிமைக்குப் போகும் முன் உங்கள் வியாபாரத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இதில் ஒரு விஷயத்தைக் கடையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த சிரி நாளைக்கே வந்தாலும் நீங்கள் நினைக்கிற வேலையை உடனே செய்யாது. மேடையில் காட்டியபோது அது தேடியது ஆப்பிளின் சொந்த மெயிலிலும் மெசேஜிலும். மற்ற ஆப்களுக்குள் போக வேண்டுமென்றால் அந்த ஆப்பைச் செய்தவர்கள் தங்கள் பக்கத்தில் வழி திறந்துவிட வேண்டும். வாட்ஸ்அப் மெட்டா என்ற வேறு கம்பெனியின் கையில் இருக்கிறது. அடுத்தது மொழி. இந்திய ஆங்கிலத்துக்கு ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் 2025 வசந்த காலத்தில், ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்-இன் 18.4 பதிப்புடன் வந்தது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. உங்களுக்கு வருகிற ஆர்டர் பாதி தமிழில், பாதி ஆங்கில எழுத்தில் தமிழாக, மீதி குரல் செய்தியாக இருக்கும். ஆகவே இதற்காக ஒரு போனை மாற்றுவது எந்த வகையிலும் பலன் தராது.

அந்த வேலையை இன்றைக்கே, காசு செலவில்லாமல் செய்துகொள்ளலாம். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்புக்கு மாறுங்கள். அதே நம்பர், அதே அரட்டைகளோடு மாறலாம். மாறும் முன் ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் லேபிள் என்று ஒன்று உண்டு. 'முன்பணம் வந்தது', 'தறியில் இருக்கிறது', 'அனுப்பியாச்சு' என்று மூன்று லேபிள் போட்டு, ஒவ்வொரு வாடிக்கையாளர் அரட்டையையும் அதில் ஒன்றில் போட்டு வையுங்கள். எந்தப் பாய் எந்த நிலையில் இருக்கிறது என்பது ஒரு தொடுதலில் தெரிந்துவிடும்.

அப்புறம், குரல் செய்தியில் ஆர்டர் வந்தால் கேட்டு முடித்ததும் நீங்களே ஒரு வரி தட்டச்சு செய்து திருப்பி அனுப்புங்கள்: "கல்யாணப் பாய், மாப்பிள்ளை பெயர் இது, பொண்ணு பெயர் இது, தேதி இது, அளவு இது, சரிதானா?" அவர்கள் 'சரி' என்று போட்டுவிட்டால் இரண்டு லாபம். வாட்ஸ்அப் தேடலில் பெயரையோ தேதியையோ தட்டினால் அந்த வரி வந்து நிற்கும். குரல் செய்தியைத் தேடலால் தோண்டி எடுக்க முடியாது. இரண்டாவது, பெயரில் எந்த ல, எந்த ன என்பது நெய்கிறதற்கு முன்னாலேயே எழுத்தில் உறுதியாகிவிடும். பாயில் ஒருமுறை ஏறிய எழுத்தைப் பிரிப்பது என்ன பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் பேசிக் கேட்க ஒரு உதவியாளர் வேண்டும் என்றால் கூகுளின் ஜெமினி ஆப் ஐபோனிலும் கிடைக்கிறது, தமிழ் தெரியும். உங்கள் வாட்ஸ்அப்புக்குள் போய் அது தேடாது. ஆனால் அந்த உறுதி வரிகளை ஒட்டிக் கொடுத்தால் தேதி வாரியாக அடுக்கித் தரும். வாடிக்கையாளரின் போன் நம்பர், வீட்டு முகவரி இரண்டையும் நீக்கிவிட்டு ஒட்டுங்கள். அடுக்கித் தந்ததை ஒருமுறை சரிபார்க்கவும் வேண்டும், சில நேரம் தேதியை மாற்றிப் போட்டுவிடும்.

இனி புகார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல், பொருளைப் பற்றித் தவறான எண்ணம் தருகிற விளம்பரத்துக்கு எதிராகக் கேட்க வழி இருக்கிறது. வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கு அந்தச் சட்டமே விலக்குக் கொடுத்து, நுகர்வோராகவே வைத்திருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். அங்கே பதிவு செய்தால் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். அதில் தீரவில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். சென்னைக்கோ, கம்பெனி இருக்கிற ஊருக்கோ போக வேண்டாம், நீங்கள் குடியிருக்கிற மாவட்டமே போதும். ஐந்து லட்சம் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

கையில் என்ன இருக்கிறது என்பதில்தான் பலம். பில், தவணைத் தாள், வாங்கிய நேரத்தில் வந்த விளம்பரத்தின் படம், கடை வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரசுரம் ஏதாவது இருந்தால் அது. அண்ணாச்சி வாயால் சொன்னதை நிரூபிப்பது கடினம். நேர்மையாகச் சொன்னால், முழுப் பணமும் திரும்பும் என்று நம்பி இறங்காதீர்கள். விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில், வசதிகள் பின்னர் வரும், மொழிக்கும் நாட்டுக்கும் ஏற்ப மாறும் என்று போட்டிருப்பார்கள். கம்பெனி அதைத்தான் நீட்டும். இருந்தாலும் 1915-இல் பதிவு செய்யுங்கள். ஒரே குறையைப் பலர் பதிந்தால்தான் தவறான விளம்பரத்துக்கு அபராதம் விதிக்க அதிகாரமுள்ள மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் கண்ணில் அது படும். முதல் அபராதமே பத்து லட்சம் வரை போகலாம்.

மகன் போனின் மாடலை நீங்கள் எழுதவில்லை. பொதுவாகச் சொல்கிறேன். கூகுள் ஆண்ட்ராய்டை வெளியிட்டதும் அது நேராக உங்கள் வீட்டுக்கு வருவதில்லை. சிப் செய்கிற கம்பெனி அதற்கேற்ற மென்பொருளைக் கொடுக்க வேண்டும், பிறகு சாம்சங் ஒன் யூஐ என்ற தன்னுடைய மென்பொருளை அதன்மேல் கட்ட வேண்டும், பிறகு மாடல் மாடலாகச் சோதிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 15 பிக்சலுக்கு 2024 அக்டோபர் 15-இல் வந்தது. சாம்சங்கின் விலையுயர்ந்த எஸ்24-க்கே 2025 ஏப்ரல் 7-இல்தான் வரத் தொடங்கியது. விலை குறைந்த மாடல்களுக்கு அதற்கும் பிறகு. எனவே ஜூன் மாதம் வந்த ஆண்ட்ராய்டு 16 இன்னும் வராததில் கவலைப்பட ஒன்றுமில்லை.

பார்க்க வேண்டியது வேறு. செட்டிங்ஸில் 'போனைப் பற்றி', அதற்குள் 'மென்பொருள் தகவல்' திறந்தால் செக்யூரிட்டி பேட்ச், அதாவது கடைசியாக வந்த பாதுகாப்புத் திருத்தம், என்று ஒரு தேதி இருக்கும். அது இரண்டு மூன்று மாதம் பழையது என்றால் பரவாயில்லை, சில மாடல்களுக்கு அப்படித்தான் வரும். ஒரு வருடத்துக்கு மேல் பழையது என்றால் அந்தப் போனில் ஜிபே, வங்கி ஆப் வைத்திருக்க வேண்டாம். புது வண்ணம், புது ஐகான் வராவிட்டால் ஒன்றும் குறையாது. அந்தத் தேதி நின்றுபோனால் பணத்துக்கே ஆபத்து. அடுத்த முறை போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன் எத்தனை வருடம் செக்யூரிட்டி அப்டேட் என்று கேளுங்கள். இருபதாயிரத்துக்குள் வந்த கேலக்சி ஏ16 5ஜி-க்கு ஆறு வருடம், எஸ்24-க்கும் கூகுள் பிக்சல் 8-க்கும் ஏழு வருடம் என்று அந்தக் கம்பெனிகளே அறிவித்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருடம் அப்டேட் தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. நம் நாட்டிலும் பெட்டி மேலேயே அந்த வருடக் கணக்கை அச்சிட வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

உங்கள் ஐபோனுக்கு வருவோம். ஜூன் 9-இல் காட்டிய புதுப் பதிப்பான ஐஓஎஸ் 26 வழக்கம்போல செப்டம்பர் வாக்கில் வரும், ஐபோன் 11-லிருந்து எல்லாவற்றுக்கும் உண்டு, உங்களுடையதற்கும் உண்டு. தள்ளிப்போன சிரி என்றைக்கு வந்தாலும் அதற்குத் தேவையான 8 ஜிபி ரேம் உங்கள் போனில் இருக்கிறது. இப்போதே வேண்டும் என்று மகன் சோதனைப் பதிப்பைப் போட்டுத் தர முன்வந்தால் சம்மதிக்காதீர்கள். அதில் வங்கி ஆப் திறக்காமல் போகலாம், சார்ஜ் சீக்கிரம் இறங்கும், கல்யாண சீசன் ஆர்டர்கள் எல்லாம் அந்த ஒரே போனில்தான் இருக்கின்றன. செப்டம்பரில் முழுப் பதிப்பு வந்ததும் உடனே போடாமல், முதல் சின்னத் திருத்தம் வருகிறவரை ஒன்றிரண்டு வாரம் பொறுத்து, வாட்ஸ்அப்பை ஐகிளவுடில் பேக்கப் எடுத்துவிட்டு, ராத்திரி சார்ஜில் போட்டு அப்டேட் செய்யுங்கள்.