கடல் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று வாட்ச் சொல்ல வேண்டும்

கேள்வி: வெளியில் ஓட, நீந்த, சைக்கிள் ஓட்டப் பயன்படும் ஸ்போர்ட்ஸ் வாட்ச்களில் அடுத்தடுத்த சாஃப்ட்வேர் அப்டேட்டில் எந்த வசதிக்காகக் காத்திருக்கிறீர்கள்? அது வரும் என்று நம்பி இப்போதே வாங்கலாமா?

நான் காத்திருப்பது ஒரே ஒரு வசதிக்குத்தான். கடலில் நீந்தும்போது தண்ணீர் என்னை எந்தப் பக்கம், எவ்வளவு இழுத்துக்கொண்டு போகிறது என்று மணிக்கட்டில் அதிர்ந்து சொல்ல வேண்டும். மற்ற ஆசைகளும் இருக்கின்றன, கீழே சொல்கிறேன், ஆனால் இது வந்தால் மற்றவை பத்து வருஷம் கழித்து வந்தாலும் எனக்குக் கவலையில்லை.

எனக்கு ஊர் ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் மண்டபம். வாரத்தில் நாலு நாள் ஓட்டம், கடல் விட்டால் இரண்டு நாள் நீச்சல். ஒரே வாட்சைத்தான் நாலு வருஷமாகக் கட்டுகிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை, ஒரு கம்பெனியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

போன தை மாதம் அரியமானில் நடந்ததைச் சொன்னால் ஏன் இப்படிக் கேட்கிறேன் என்று புரியும். அரியமான் வடகடல் பக்கம், அதாவது பாக் விரிகுடாக் கரை, வாடைக் காற்று ஓய்ந்துகொண்டிருந்த நேரம். கரையிலிருந்து முந்நூறு மீட்டரில் ஒரு வத்தை, சின்னப் படகு, நங்கூரம் போட்டு நின்றது. அதைத் தொட்டுவிட்டு நேராகத் திரும்பி வருவதாகத் திட்டம். போகும்போதே ஏதோ அதிக நேரம் எடுத்தது, திரும்பும்போது தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறேன், எதிரே இருக்க வேண்டிய குடிசை இடது பக்கம் நகர்ந்துகொண்டே போகிறது. கை வலிக்க வலிக்க நீந்திக் கரை ஏறினால் செருப்பு விட்ட இடத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் மேற்கே, சவுக்குத் தோப்பு முனையில் நிற்கிறேன். வலை பிரித்துக்கொண்டிருந்த எங்கள் தெரு மாமா ஒருவர், "மாப்ள, நீவாடு மேக்கே இழுக்குதுல்ல, கெழக்கப் பாத்துல்ல கையப் போட்ருக்கணும்" என்றார். நீவாடு என்றால் கடல் நீரோட்டம். அவர் தண்ணீரில் இறங்கவே இல்லை, கரையில் உட்கார்ந்தபடியே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து போனில் பாதையைத் திறந்து பார்த்தேன். நாலாவது நிமிஷத்திலேயே கோடு மேற்கே வளையத் தொடங்கியிருந்தது. அதாவது வாட்சுக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் இது புது வாட்ச் வாங்கித் தீர வேண்டிய விஷயம் இல்லை, சாஃப்ட்வேர் விஷயம் என்கிறேன்.

நீச்சலில் ஜி.பி.எஸ். கொஞ்சம் திணறும் என்பது உண்மைதான். சாட்டிலைட் சிக்னல் தண்ணீருக்குள் இறங்காது, ஃப்ரீஸ்டைலில் கை மேலே வரும் அந்த ஒரு நொடிக்குள் வாட்ச் இடத்தைப் பிடிக்க வேண்டும், மார்பு நீச்சல் என்றால் கை வெளியே வருவதே இல்லை. அதனால் பாதை கிழிந்த நூல் மாதிரி இருக்கும். ஒருநாள் என் பாதை தென்னந்தோப்புக்குள் புகுந்து வெளியே வந்திருந்தது. திசைகாட்டியை நம்பலாம் என்றால், ஒவ்வொரு கைவீச்சுக்கும் மணிக்கட்டு திரும்புகிறது. ஆனால் இழுப்பைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு புள்ளியும் துல்லியமாக இருக்க வேண்டியதில்லையே. தண்ணீரில் இறங்குவதற்கு முன் கரையில் நின்று போக வேண்டிய இடத்தைக் குறித்துக்கொள்வது, பிறகு ஒரு நிமிஷத்துக்கு ஒருமுறை புள்ளிகளைச் சராசரி பார்த்து, அந்தக் கோட்டிலிருந்து முப்பது மீட்டருக்கு மேல் விலகினால் இடது பக்கம் என்றால் ஒரு அதிர்வு, வலது பக்கம் என்றால் இரண்டு அதிர்வு. இது போதும். ஓட்டத்திலும் சைக்கிளிலும் "பாதையை விட்டு விலகிவிட்டீர்கள்" என்று சொல்லத் தெரிந்த வாட்ச்தான், நீச்சல் மோடுக்குப் போனதும் வாயை மூடிக்கொள்கிறது.

ஓத அட்டவணை காட்டுகிறதே, அது போதாதா என்று கேட்கலாம். பல வாட்ச்களில் கடல் ஏறும் இறங்கும் நேரம் காட்டும் வசதி வந்துவிட்டது, சரி. ஆனால் எங்கள் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர் வித்தியாசம்கூட வராது. இங்கே தண்ணீரை ஓட வைப்பது பெரும்பாலும் காற்றுதான். பாம்பன் பாலத்தின் மேல் நின்று கீழே பாருங்கள், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் தென்கடலான மன்னார் வளைகுடாவிலிருந்து வடகடலுக்கு ஓடும் தண்ணீர், வாடைக் காலத்தில் அப்படியே திரும்பி ஓடும். அட்டவணையில் இது எங்கே இருக்கிறது? அந்த நேரத்துத் தண்ணீரில் இருக்கும் ஆளின் கையில் இருக்கும் வாட்ச்தான் இதைச் சொல்ல முடியும்.

அடுத்த ஆசை புயல் அலாரம். வாட்சில் காற்றழுத்தமானி இருக்கிறது, மூன்று மணி நேரத்தில் 4 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு அழுத்தம் இறங்கினால் அலாரம் அடிக்கும், பொதுவாக இதுதான் கணக்கு. என் வாட்சில் அந்த அளவில் வைத்திருந்தவரை அலாரம் ஒருநாளும் அடிக்கவில்லை, திடீர்க் காற்றும் மழையும் கடலில் பிடித்த அன்றும் அடிக்கவில்லை. சரி என்று 2-ஆகக் குறைத்து வைத்தேன். அப்புறம் ஆரம்பித்தது தொல்லை, வானம் பளிச்சென்று இருக்கும் நாளிலும் மத்தியானம் இரண்டு மணி வாக்கில் அடிக்க ஆரம்பித்தது. பழுது என்றே நினைத்தேன். தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்களில் வெயிலால் காற்றழுத்தமே தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை பத்து, இரவு பத்து வாக்கில் உச்சம், காலை நாலு, மாலை நாலு வாக்கில் தாழ்வு, வித்தியாசம் கிட்டத்தட்ட 3 ஹெக்டோபாஸ்கல். குளிர் நாடுகளில் இந்த ஏற்ற இறக்கம் சின்னது, அங்கே வரும் புயல் அழுத்தத்தைப் பெரிதாக இறக்கும், அதனால் அவர்கள் போட்ட கணக்கு அங்கே சரியாக வருகிறது. எங்கள் கணக்கு வேறு. வாட்ச் ஒரு பத்து நாள் இந்த ஊர்க் காற்றைக் கவனித்துத் தினசரி ஆட்டத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் பார்த்தால், பாதி வேலை முடிந்தது. சென்சார் இருக்கிறது, நேரம் தெரிகிறது, இடம் தெரிகிறது. வேறு என்ன வேண்டும்?

(சென்சாரைப் பற்றிச் சொன்னதால் ஒன்று. கடலுக்குள் போய் வந்ததும் வாட்சை நல்ல தண்ணியில் முக்கி எடுங்கள். காற்றழுத்தமானியின் துளையில் உப்பு கட்டிவிட்டால் எந்த அப்டேட்டும் காப்பாற்றாது. எங்கள் பக்கம் நல்ல தண்ணி குடம் கணக்கில் வாங்குவதுதான், ஒரு டம்ளர் போதும், கஞ்சப்பட வேண்டாம்.)

மூன்றாவது, தமிழ். இதைப் பேஷன் என்று நினைத்துவிடாதீர்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் எங்கள் தெரு முழுக்க வாட்ஸ்ஆப்பில் தமிழில்தான் செய்தி ஓடும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் செயலியும் மாநில மொழிகளில் எச்சரிக்கை அனுப்புகிறது. அந்தச் செய்தி என் மணிக்கட்டில் எப்படி வருகிறது தெரியுமா? வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு காலிக் கட்டங்கள், நடுவில் "3" என்று ஒரு எண், மறுபடி கட்டங்கள். கூண்டு எண் மூன்றா, மூன்று மணியா, மூன்று நாளா, எதுவும் தெரியாது. அம்மா "எங்கடா இருக்க" என்று அனுப்புவதும் கட்டம்தான். ஒரு எழுத்துருவைச் சேர்ப்பதற்கு எவ்வளவு இடம் பிடித்துவிடப்போகிறது? தமிழ் எழுத்து வராத வாட்சில் வானிலை எச்சரிக்கை இருக்கிறது என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வெப்பப் பழக்கம் என்று ஒரு கணக்கும் சில வாட்ச்களில் இருக்கிறது. 22 டிகிரிக்கு மேல் ஓடினால் அது வெயிலில் செய்த பயிற்சியாக எடுத்துக்கொள்ளப்படும். எங்களுக்கு மே மாதத்தில் விடியற்காலையே 27, 28. வருஷம் முழுக்க "நூறு சதவீதம் பழகிவிட்டீர்கள்" என்று காட்டினால் அதில் எனக்கு என்ன சேதி? இங்கே ஆளை அடிப்பது வெயிலைவிடப் புழுக்கம். ஈரப்பதத்தையும் சேர்த்து, இன்று வேகத்தைக் குறை என்று சொன்னால் அது உதவி. இதைப் பற்றி இவ்வளவு போதும், ஓட்டக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

ஜி.பி.எஸ். மாதிரி இந்தியாவே நடத்தும் நாவிக் பற்றி நிறையப் பேர் ஆவலாகக் கேட்கிறார்கள். நம் நாட்டு சாட்டிலைட் என்பதால் எனக்கும் ஆசைதான். முன்பு நாவிக் எல்5, எஸ் அலைவரிசைகளில் மட்டும் இருந்தது. வாட்ச் மாதிரிச் சின்னச் சாதனங்கள் பரவலாகப் பயன்படுத்தும் எல்1 அலைவரிசை 2023 மே மாதம் ஏவிய என்.வி.எஸ்.-01 சாட்டிலைட்டில்தான் வந்தது. 2025 ஜனவரியில் போன என்.வி.எஸ்.-02 திட்டமிட்ட சுற்றுப்பாதையை எட்டவில்லை. ஆக, இது மெதுவாகத்தான் வரும். வந்தாலும் கடற்கரையில் ஓடுபவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது என்பது என் கருத்து. தனுஷ்கோடி அரிச்சல்முனை ரோட்டில் இரண்டு பக்கமும் கடல், தலைக்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை, இப்போதே கோடு ரோட்டின் மேல் அச்சு மாதிரி விழுகிறது. கட்டடங்களுக்கு நடுவில் ஓடும் சென்னைக்காரர்களுக்கு வேண்டுமானால் உதவும்.

சாட்டிலைட் மெசேஜுக்காகக் காத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 2025-இல் வெளிநாட்டில் வந்த சில வாட்ச்களில், டவர் இல்லாத இடத்திலும் சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது. தனுஷ்கோடியில் சிக்னல் படுத்துவதைப் பார்த்தால் எனக்கும் அது வேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆனால் இந்தியாவில் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் தொடர்புக் கருவி வைத்திருப்பது குற்றம், வெளிநாட்டுப் பயணிகள் இதற்காக விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் எல்லைக் கடல் வேறு, மண்டபத்தில் கடலோரக் காவல் படை, உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து. கயாக் ஓட்ட வருபவர்கள் தயவுசெய்து அந்த மாதிரிக் கருவியைக் கட்டிக்கொண்டு வராதீர்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் 21 தீவுகள், அவற்றில் அனுமதியில்லாமல் இறங்கவும் கூடாது. அந்தப் பூங்காவின் எல்லைக் கோட்டை வாட்ச் மேப்பில் போட்டுக் கொடுத்தால் வெளியூர் ஆட்களுக்கு எவ்வளவோ நல்லது.

பாட்டரி பற்றி நான் அதிகம் கேட்க மாட்டேன். நீச்சல் வீரர் மிகிர் சென் 1966 ஏப்ரலில் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிஷம் நீந்தி வந்தார். அவ்வளவு நேரத்தையும் ஜி.பி.எஸ். ஓடவிட்டுப் பதிவு செய்யும் வாட்ச்கள் இன்றைக்குக் கடையிலேயே இருக்கின்றன.

இனி, வரப்போகும் வசதியை நம்பி வாங்கலாமா என்ற கேள்வி. வாங்காதீர்கள். இன்று பெட்டிக்குள் இருப்பது உங்களுக்குப் போதுமா என்று மட்டும் பாருங்கள். புது வசதிகள் பெரும்பாலும் புது மாடலுக்குத்தான் முதலில் போகும், பழைய மாடலுக்குப் பிழை திருத்தம் மட்டும் வந்து நின்றுவிடும். சில வசதிகள் காசு கட்டினால்தான், கார்மின்கூட 2025 மார்ச்சில் கனெக்ட் பிளஸ் என்று சந்தா கொண்டுவந்தது. என்ன வருகிறது என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமானால் கம்பெனிகள் வெளியிடும் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பின் குறிப்புகளைப் படியுங்கள், பொதுமக்களுக்கே பீட்டா திறந்துவிடுகிறார்கள். ஆனால் பந்தயத்துக்கு முந்தின ராத்திரி மட்டும் எந்த அப்டேட்டையும் போடாதீர்கள். நான் ஒருமுறை போட்டு, விடிந்து பார்த்தால் பார்த்துப் பார்த்து அடுக்கி வைத்திருந்த திரைகள் எல்லாம் அழிந்து, சாட்டிலைட் பிடிக்கவே ஏழு நிமிஷம் ஆயிற்று. சாட்டிலைட் எங்கே இருக்கும் என்ற முன்கணிப்புக் கோப்பு போன் வழியாகத்தான் வாட்சுக்கு வருகிறது, அது சில நாளில் காலாவதியாகிவிடும். கடலுக்குப் போவதற்கு முந்தின நாள் வீட்டிலேயே ஒருமுறை போனோடு சிங்க் செய்துகொள்ளுங்கள்.

இழுப்பு எச்சரிக்கை வேண்டும் என்று என் வாட்ச் கம்பெனிக்கு அரியமான் பாதையின் படத்தோடு இரண்டு முறை எழுதியிருக்கிறேன், இந்த மாதம் மூன்றாவது முறை எழுதப்போகிறேன். அதுவரை, இறங்குவதற்கு முன் ஒரு தேங்காய் மட்டையைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஐந்து நிமிஷம் கரையில் நின்று அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்கிறேன். அந்த மாமா சொல்லிக் கொடுத்ததுதான்.