முன் சக்கரத்தைப் பாருங்கள்

கேள்வி: சாமானோடு 6,000 பவுண்டு வரும் டிராவல் டிரெய்லரை மாட்டினால் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்குகிறது. எந்த வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வாங்கலாம்?
– வாசகர், டெக்சாஸ்

பதில்: பின்பக்கம் அமுங்கினால் முன் சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடி தளரும். கவலைப்பட வேண்டியது அதற்குத்தான். வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கும் இந்த ஹிட்சின் ஸ்பிரிங் பார்கள் பாரத்தில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளிவிடும். தண்ணீர், கேஸ் எல்லாம் ஏற்றிய பிறகு டங் வெயிட்டை, அதாவது டிரெய்லரின் முன்முனை ஹிட்ச் மேல் அமுக்கும் பாரத்தை, அளந்துவிடுங்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், உங்களுக்கு 600–900 பவுண்டு வரும். பிக்கப்பின் பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் சாமானையும் கூட்டி, அதற்கேற்ற பாரை எடுங்கள். ரொம்பப் பெரிய பார் வேண்டவே வேண்டாம். விறைத்துக்கொண்டு டிரெய்லர் பிரேமை வதைக்கும். அப்புறம், டிரெய்லர் பக்கவாட்டில் ஆடுவதைக் கட்டுப்படுத்தும் ஸ்வே கன்ட்ரோல் சேர்ந்தே வரும் மாடலைத்தான் நான் சொல்வேன். இந்த ஹிட்சை மாட்டினாலும் வண்டியின் இழுவை வரம்பு ஒரு பவுண்டு கூட ஏறாது.