15 கிலோமீட்டர் தள்ளிப் பறவைக் காய்ச்சல்: என் முட்டைக்கோழிகளை எப்படிக் காப்பது?

கேள்வி: 3,000 முட்டைக்கோழிகள் உள்ள ஒரு கொட்டகை நடத்துகிறேன். பக்கத்திலேயே ஒரு குட்டை. அதில் 12 வாத்துகள். முற்றத்தில் நாட்டுக்கோழிகள் இருபதுக்கு மேல் மேய்கின்றன. 15 கிலோமீட்டர் தள்ளி ஒரு பண்ணையில் பறவைக் காய்ச்சல் உறுதியாகியிருக்கிறது. என் கோழிகள் இன்றுவரை நன்றாகத் தீவனம் எடுக்கின்றன. தடுப்பூசி போடலாமா? ஆன்டிபயாட்டிக் கொடுத்து வைக்கலாமா? நோய் வருமுன் விற்றுவிடுவது நல்லதா? வானத்தில் போகிற பறவையை நான் எப்படி ஐயா தடுப்பது?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வானத்தில் போகிற பறவையை நீங்கள் தடுக்க வேண்டியதே இல்லை. அது கொட்டகைக்குள் வருவது அபூர்வம். அதன் எச்சம்தான் வருகிறது. அதையும் பெரும்பாலும் நாமே காலில் சுமந்து வருகிறோம்.

வழியைப் பாருங்கள். காட்டு வாத்துகளும் கரையோரப் பறவைகளும் இந்த வைரஸைக் குடலில் வைத்துக்கொண்டு சாதாரணமாகத் திரியும். குட்டையில் இறங்கும், எச்சமிடும், போய்விடும். உங்கள் வாத்துகள் அதே தண்ணீரில் நீந்தும். காலையில் வாத்துக்குத் தீவனம் வைக்கப் போகிறவர் அந்த ஈரக்கரையில் நிற்பார். பிறகு அதே செருப்போடு முட்டை எடுக்கக் கொட்டகைக்குள் நுழைவார். அந்த இரண்டு வேலைகளையும் உங்கள் பண்ணையில் ஒரே ஆள்தான் செய்கிறார் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மகிழ்ச்சி.

எச்சத்தில் இந்த வைரஸ் 37 டிகிரி செல்சியஸில் 6 நாள் போலத் தாங்கும். 4 டிகிரி குளிரில் ஒரு மாதத்தையும் தாண்டும். அதனால் குளிர்ந்த மாதங்களிலும், வெயில் படாத ஈர மூலைகளிலும் ஆபத்து அதிகம்.

ஆகவே இன்று மாலைக்குள் செய்ய வேண்டியது வாத்து விஷயம். கோழிக்கு வந்தால் செத்துக் காட்டிக்கொடுக்கும். வாத்து அப்படியில்லை, பல நேரம் ஒரு அறிகுறியும் இல்லாமல் நாள்கணக்கில் வைரஸை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அவற்றைக் குட்டையிலிருந்து பிரித்து, மேலே கூரையும் சுற்றிலும் வலையும் உள்ள இடத்தில், கொட்டகையை விட்டுத் தள்ளி அடையுங்கள். நாட்டுக்கோழிகளையும் தனியாக அடைத்துவிடுங்கள். இவற்றைப் பார்க்க வேறு ஆள் இருக்கட்டும். ஆள் இல்லையென்றால் கொட்டகை வேலை முழுவதும் முடிந்த பிறகே வாத்துப் பக்கம் போக வேண்டும். போனவர் குளித்து உடை மாற்றாமல் அன்று திரும்பக் கொட்டகைக்குள் வரக் கூடாது.

அடுத்தது கொட்டகை வாசல். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பண்ணையில் வாசலெதிரே நாற்காலி போட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கால் நனைக்கக் கிருமிநாசினித் தொட்டி கட்டியிருந்தார்கள், நல்ல சிமென்ட் தொட்டி. உள்ளே தண்ணீர் கறுத்து, இறகு மிதந்துகொண்டிருந்தது. ஏழு முறை ஆள் போய்வந்தார்கள். காலை நனைத்தது இரண்டு முறை. ஒருவர் புது ஷூ என்பதால் தாண்டிக் குதித்தார். பண்ணைக்காரரோ போனில் பேசிக்கொண்டே தொட்டியின் ஓரமாக நடந்து போனார்! அந்தத் தொட்டி இருப்பதைவிட இல்லாமலிருப்பது மேல். இருப்பதால் எல்லோருக்கும் தைரியம் வந்துவிடுகிறது.

எச்சமும் மண்ணும் கலந்த தண்ணீரில் குளோரின் வேலை செய்யாது. முதலில் சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டு அழுக்கைப் போக்க வேண்டும். இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை இருப்பதால் சோப்பே அதைப் பாதி உடைத்துவிடும். அதன் பிறகுதான் கிருமிநாசினி. பிளீச்சிங் கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும்.

தொட்டியைவிட நம்பகமானது ஒரு கட்டைச் சுவர். வாசலுக்கு உட்புறம் முழங்கால் உயரத்துக்கு, குறுக்கே, ஆள் உட்காரும் அகலத்தில் கட்டுங்கள். வருகிறவர் வெளிச்செருப்பை வெளிப்பக்கம் கழற்றி, சுவரில் உட்கார்ந்து, காலை உட்பக்கம் திருப்பி, அங்கேயே இருக்கும் ரப்பர் பூட்ஸில் நேராக நுழைக்க வேண்டும். வெறுங்கால்கூட வெளித்தரையில் பட்டுவிட்டு உள்ளே வரக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளே தொங்கும் மேலுடையை மாட்டிக்கொள்ள வேண்டும். திரும்பும்போது இதையே தலைகீழாக. உள் பூட்ஸ் ஒரு நாளும் சுவரைத் தாண்டக் கூடாது. உங்களுக்கும் இதுதான் சட்டம், கால்நடை மருத்துவருக்கும் இதுதான். சுவர் கட்டும்வரை தரையில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டு, அதையே சுவராக நினைத்துக்கொள்ளுங்கள்.

காலுக்கு அடுத்து சக்கரமும் முட்டை அட்டையும். ஒரே வண்டி ஒரே நாளில் பல பண்ணைக்குப் போகும். முட்டைக்காலம் முடிந்து கழித்துவிடும் கோழிகளை ஏற்றும் வண்டியும் எரு ஏற்றும் வண்டியும் எனக்கு மிகவும் பயமான இரண்டு. எந்த வண்டியும் கொட்டகை வரை வர வேண்டாம். வேலிக்கு வெளியே நிறுத்தி, சரக்கை உங்கள் ஆட்களே சுமந்து வரட்டும். காகித அட்டையைக் கழுவ முடியாது, எனவே திரும்பி வரும் காகித அட்டையை வாங்காதீர்கள். பிளாஸ்டிக் அட்டையானால் கழுவி, கிருமிநாசினியில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து உள்ளே எடுங்கள். பக்கத்துப் பண்ணைக்குத் தராசு, கூண்டு, மண்வெட்டி இரவல் கொடுப்பதும் வாங்குவதும் இப்போதைக்கு நிற்கட்டும். மனஸ்தாபம் வந்தால் வரட்டும்.

குட்டைத் தண்ணீரைக் குடிக்கவோ, கூரையில் தெளிக்கவோ, தரை கழுவவோ எடுக்க வேண்டாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரானாலும் மூடிய தொட்டியில் குளோரின் கலந்து, கோழி குடிக்கும் குழாயின் கடைசி நிப்பிளில் 2 முதல் 3 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) வருகிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் சிட்டுக்குருவி நுழையாத வலை, 2 சென்டிமீட்டருக்கு மேல் கண் இல்லாததாக. சிந்திய தீவனத்தை அன்றன்றே கூட்டுங்கள். காகமும் எலியும் வருவது அதற்குத்தான். காகத்தைச் சுடுவதால் பயனில்லை. செத்த காகத்தை வெறுங்கையால் தொடுவது அதைவிட மோசம்.

தடுப்பூசி பற்றி: தடுப்பூசி இருக்கிறது. சீனா பல ஆண்டுகளாகப் போடுகிறது. பிரான்ஸ் 2023 அக்டோபரில் வாத்துகளுக்குப் போடத் தொடங்கியது. ஆனால் அது அரசு முடிவெடுத்து, தொடர்ந்து பரிசோதனை செய்துகொண்டே நடத்த வேண்டிய வேலை. தடுப்பூசி போட்ட கோழி சாகாமல் இருந்துகொண்டே வைரஸைப் பரப்பக்கூடும், உங்களுக்குத் தெரியாமலே. அனுமதியில்லாமல் கள்ளத்தனமாக வாங்கிப் போடாதீர்கள். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது; பணம்தான் போகும். அமான்டடின் போன்ற மனித மருந்தைத் தண்ணீரில் கலக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிவிட்டால் மனிதருக்குத் தேவைப்படும்போது மருந்து வேலை செய்யாது.

விற்றுவிடலாமா என்றால், வேண்டாம். நோய் தொற்றி வெளியே தெரிய பெரும்பாலும் 2 முதல் 5 நாள் ஆகும். இன்று நன்றாகத் தெரியும் கோழி நாளைக்கு வேறு ஐந்து பண்ணைக்கு நோயைக் கொண்டுபோகலாம். அவசரத்தில் விற்ற கோழிதான் பல இடங்களில் இந்த நோய்க்கு வண்டியாக இருந்திருக்கிறது. நோய் வந்த பண்ணையைச் சுற்றி நடமாட்டத் தடை விதித்திருந்தால் அது சட்டப்படியும் குற்றம்.

அதற்குப் பதிலாக ஒரு நோட்டு வாங்குங்கள். தினமும் தீவனம், தண்ணீர், முட்டை, சாவு, நான்கு எண்கள். 3,000 முட்டைக்கோழி நாளுக்குச் சுமார் 330 கிலோ தீவனமும் 600 முதல் 750 லிட்டர் தண்ணீரும் எடுக்கும், வெயிலில் இன்னும் கூடும். சாவு நாளுக்கு ஒன்று, சில நாள் அதுவும் இருக்காது. காரணமில்லாமல் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, ஒரே நாளில் ஐந்தாறு செத்தாலோ மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். வீரியமான வகை 48 மணி நேரத்தில் கொட்டகையையே காலி செய்துவிடும். கொண்டையும் தாடியும் நீலம் பாரிக்கும், முகம் வீங்கும், காலில் ரத்தத் திட்டு தெரியும், ஓடில்லாத முட்டை விழும். வழக்கமான கூச்சல் அடங்கிக் கொட்டகை அமைதியாகிவிடும். அந்த அமைதியைப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) என்ற வேறொரு கோழி நோயிலும் பச்சைக் கழிச்சலும் திடீர்ச் சாவும் உண்டு. அனுபவசாலிகளே ஏமாறுவார்கள். மூக்கிலும் தொண்டையிலும் எச்சத்துளையிலும் பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் பார்த்தால்தான் பிரியும். லேசான சளிதானே என்று விடவும் கூடாது. 1983-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஏப்ரலில் சாதுவாக வந்த எச்5என்2 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ், அக்டோபருக்குள் கொல்லும் வகையாக மாறியது. அதை அடக்க ஒரு கோடியே 70 லட்சம் கோழிகளை அழிக்க வேண்டியிருந்தது.

சந்தேகம் வந்ததும் அரசுக் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். அவர் வரும்வரை ஆள், வண்டி, முட்டை, எரு எதுவும் வேலியைத் தாண்ட வேண்டாம். என்ன நோய் என்று பார்க்கச் செத்த கோழியை அறுத்துவிடாதீர்கள். குட்டையிலோ ஓடையிலோ எறிவதும் கூடாது. கையுறையும் முகக்கவசமும் போட்டுத் தடித்த பையில் கட்டி நிழலில் வையுங்கள். பறவைக் காய்ச்சல் வைரஸில் எச்5என்1 என்ற வகை மனிதருக்கு எளிதில் தொற்றுவதில்லை, ஆனால் தொற்றினால் கடுமை: 2003 முதல் உலகெங்கும் பதிவான 900-க்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். நோய்க் கோழியைத் தொட்டவருக்கு அடுத்த பத்து நாளில் காய்ச்சலோ இருமலோ கண் சிவப்போ வந்தால், கோழியைத் தொட்டதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லட்டும்.

ஒன்று விட்டுப்போயிற்று. உங்கள் கொட்டகையில் வேலை செய்கிறவர் தன் வீட்டில் கோழியோ வாத்தோ புறாவோ வளர்க்கிறாரா? வளர்த்தால் மேலே சொன்ன சுவரெல்லாம் பாதிதான் பயன். அவரை விரட்டாதீர்கள். வீட்டுக் கோழிகளை நல்ல விலைக்கு அங்கேயே சமைத்துத் தீர்த்துக்கொள்ளும்படி நீங்களே பணம் கொடுத்துவிட்டு, இனி வாரம் ஓர் அட்டை முட்டை பண்ணைக் கணக்கில் என்று பேசிக்கொள்ளுங்கள்.